சீராக வந்த கார்

"கோழியை எறக்குறியா, இல்ல நானே கழுத்தைத் திருகி எறக்கவா?"

"அடைகாக்குற கோழிடி அது. தொட்டா பாவம் புடிச்சுரும்."

"அடுத்தவ எடத்துல போயி ஒக்காந்து அடைகாக்குறது ஒங்க வீட்டுக் கோழிக்கும் பழக்கமாயிருச்சா?"

சொர்ணவல்லி கேட்டது கோழியைப் பற்றி அல்ல என்பது கண்ணாத்தாளுக்குப் புரிந்தது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்ற எங்களுக்கும் புரிந்தது. குடம் கனக்கத்தான் செய்தது. இறக்கி வைத்தால் வேடிக்கை பார்க்க நின்றது போல ஆகிவிடும் என்பதால் யாரும் இறக்கவில்லை.

கோழி உட்கார்ந்திருந்தது ஒரு காரின் பின்சீட்டில். கார் நின்றது ஆண்டியப்பன் வீட்டுக் கொட்டகையில். சொர்ணவல்லி ஆண்டியப்பன் ஊரறியத் தாலி கட்டிக் கூட்டி வந்தவள். கண்ணாத்தாள் போன தை மாதம் ஒரு தகரப் பெட்டியோடு அவன் பின்னால் வந்து இறங்கியவள். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. இரண்டு அடுப்பையும் விட அதிகமாக எரிந்தது சொர்ணவல்லியின் வயிறு. கொட்டகையின் பின்சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் கொல்லை. அது மண்சுவர், அதிலும் குட்டை. அதனால் நான் சொல்வதெல்லாம் கேள்விப்பட்டது அல்ல.

கோழியைச் சொர்ணவல்லி முட்டைகளோடு கூடையில் அள்ளிக் கண்ணாத்தாளின் காலடியில் வைத்தாள். வைத்தாள் என்பது என் மரியாதைக்குச் சொல்வது. இரண்டு முட்டை உடைந்தது.

இந்தக் காரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொர்ணவல்லியின் அப்பா பினாங்கில் சம்பாதித்துவிட்டுத் திரும்பியவர். மகளுக்குச் சீராக ஒரு பசு, கன்று, பித்தளைப் பாத்திரங்கள் கொடுத்ததோடு நிற்காமல், செட்டிநாட்டில் ஒரு வீட்டார் ஓட்டி அலுத்துப்போன ஆஸ்டின் கார் ஒன்றையும் வாங்கிக் கொடுத்தார். அது நடந்தது ஐம்பத்தொன்றில். எங்கள் ஊரில் அப்போது வேறு யாரிடமும் கார் இல்லை. ஆண்டியப்பன் இரண்டு வருஷம் அதை ஓட்டினான். ஓட்டினான் என்பதை விட, அதில் உட்கார்ந்து ஊருக்குக் காட்டினான் என்பது சரி. தேர்த் திருவிழாவன்று தேருக்கு எதிரே போய் அது நின்றுவிட்டது. எவ்வளவு முறுக்கியும் கிளம்பவில்லை. வடம் பிடித்தவர்கள் வடத்தைப் போட்டுவிட்டு வந்து, "ஏப்பா ஆண்டியப்பா, சாமியவே நிப்பாட்டிட்டியே" என்று சிரித்துக்கொண்டே காரைத் தள்ளி ஓரங்கட்டினார்கள். மறுநாள் கார் கொட்டகைக்குள் போனது. அதன் மேல் வைக்கோல் போனது, கடலை மூட்டை போனது. ஆறு வருஷம். காரைப் பற்றி யார் வாய் திறந்தாலும் ஆண்டியப்பன் எழுந்து போய்விடுவான்.

கண்ணாத்தாள் வந்த பிறகு, "என்னயத் தீர்த்து விட்டுருங்க, சீரோட போறேன்" என்று சொர்ணவல்லி ஊர்க்கூட்டம் கூட்டினாள். ஆத்மநாதன் அம்பலம் தீர்ப்புச் சொல்பவர். நல்ல மனுஷர்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க மாட்டு வழக்கும் வரப்பு வழக்கும் மட்டுமே பார்த்தவர். பாத்திரங்கள் எண்ணித் திரும்பின. பசு செத்துப் போயிருந்தது. அதன் கன்று இப்போது பசுவாகியிருந்தது, அதுவும் திரும்பியது. கடைசியில் கார் வந்தது.

"அதெல்லாம் காரில்லீங்க, இரும்பு" என்றான் ஆண்டியப்பன். "நட்டு வச்ச ஒரலாட்டம் ஆறு வருசமா ஒரே எடத்துல நிக்கிது. ஒரலைத் தோண்டி எடுத்துக்கிட்டா போவாக?"

அம்பலம் வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "மாடு கன்னு நடக்கும், அது பொண்ணோட போகும். நட்டு வச்சது வீட்டோட நிக்கும். கார் தன் காலால நடந்து கொட்டகையைத் தாண்டுச்சுன்னா அது மாடு. பொண்ணோட போகட்டும். தள்ளியோ, மாட்டைப் பூட்டி இழுத்தோ கொண்டு போற மாதிரி இருந்தா அது ஒரலு. வர்ற பௌர்ணமி வரைக்கும் பாருங்க."

காருக்கு ஏதப்பா கால் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது. எனக்கும்தான்.

சொர்ணவல்லியின் அண்ணன் குழந்தைசாமி கீரமங்கலத்தில் தேங்காய் வியாபாரம் செய்பவர். கிடைத்த பாத்திரத்தோடும் பசுவோடும் அன்றைக்கே கிளம்பலாம் என்றார். அவள் நகரவில்லை. மறுநாள் கொல்லைச் சுவரோரம் நின்று என்னிடம் சொன்னாள்: "பாத்திரத்தோட போனா எங்கண்ணன் பொண்டாட்டிக்கு நான் பாத்திரந்தான்க்கா தேய்க்கணும். காரோட போனா அதை வாடகைக்கு ஓட்டவிட்டு என் சோத்தை நான் திம்பேன். எனக்குப் புள்ளையும் இல்ல குட்டியும் இல்ல. இந்தக் காரை விட்டா என்ன இருக்கு?"

சொல்லும்போது அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பல்லைக் கடிப்பவளுக்கு என்ன ஆறுதல் சொல்வது?

இரண்டு நாளில் அறந்தாங்கி பஸ்ஸிலிருந்து ஷேக் பரீது இறங்கினார். மணமேல்குடிக்காரர். லாரி மெக்கானிக். குழந்தைசாமியின் தேங்காய் லோடு லாரியைப் பார்ப்பவர். கோபம் வந்தால் வேட்டியைத் தூக்கிக் கட்டுவார். நான் பார்த்தவரை அவர் வேட்டி கீழே இறங்கியதே இல்லை. கொட்டகைக்குள் போய் வைக்கோலை விலக்கிப் பார்த்தார். என்ஜின் மூடியைத் திறந்ததும் ஒரு எலிக் குடும்பம் வெளியேறியது.

"ஒரு வண்டியை இப்புடிப் போட்டு வச்சவன் மனுசனா?" என்றார்.

"நாந்தான் போட்டு வச்சேன்" என்றான் வாசலில் நின்ற ஆண்டியப்பன்.

"அப்பச் சரி" என்று திரும்பிக்கொண்டார் பரீது.

காருக்கு மூக்குக்குக் கீழே ஒரு ஓட்டை உண்டு. அதில் இரும்பு ஹேண்டிலை விட்டுச் சுற்றினால் என்ஜின் சுழலும். பரீது ஹேண்டிலை மாட்டி அழுத்தினார். அசையவில்லை. காலை வைத்து அழுத்தினார். அசையவில்லை. ஆண்டியப்பன் வாசலில் நின்று, "ஒரலு, ஒரலு" என்று பாடாத குறைதான்.

"உள்ள துரு புடிச்சு இறுகிப் போச்சு" என்றார் பரீது. நாலு பிளக்கையும் கழற்றினார். மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கலந்து, நாலு ஓட்டையிலும் கரண்டியால் ஊற்றினார். "ஊறட்டும். யாரும் தொடக் கூடாது."

"எத்தன நேரம்?" என்றாள் சொர்ணவல்லி.

"நேரமா? நாலு நாள் ஆகும், அஞ்சு நாளும் ஆகும்."

"அதுக்குள்ள பௌர்ணமி வந்துரும் பாய். ஒலக்கையைச் சொருகி ஒரு நெம்பு நெம்பிப் பாப்பமா?"

பரீது வேட்டியை இன்னும் ஒரு சுற்றுத் தூக்கிக் கட்டினார். "நெம்பு தாயி, நல்லா நெம்பு. உள்ள இருக்கறது ஒடஞ்சு ரெண்டாப் போகும். அப்புறம் ஒம் புருசன் சொன்ன மாதிரி ஒரலாவே வச்சுக்கலாம். மாவாட்டலாம்."

"அவனை எம் புருசன்னு சொல்லாதீக."

"அப்ப ஒலக்கையைக் கொண்டு போயி உள்ள வையி."

இப்படி ஒருவருக்கொருவர் எரிந்து விழுந்துகொண்டேதான் இருவரும் வேலை பார்த்தார்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எண்ணெய் ஊற்றுவது அவள் பொறுப்பு. குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி ஊற்றுவாள், ஆனால் வாயில் ஓடுவது முழுக்க வசவு. "குடிச்சுத் தொலை. குடிச்சிட்டாவது அசையி. அந்த ஆளு மாதிரியே தின்னுப்புட்டுப் படுத்துக் கெடக்காத." நான் சுவருக்கு இந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் தினமும் கீரைதான்.

ஊறும் நேரத்தில் பரீது சும்மா இருக்கவில்லை. அடியில் படுத்துப் பழைய ஆயிலை இறக்கினார். முதலில் தண்ணீர் வந்தது, பிறகு கருப்பட்டிப் பாகு மாதிரி ஏதோ வந்தது. பெட்ரோல் டாங்கியைத் திறந்தபோது வார்னிஷ் நாற்றம் எங்கள் அடுப்படி வரை அடித்தது. எலி கடித்த வயர்களை மாற்றினார். ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அதற்குச் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றினார். டயருக்குக் காற்றடிக்கச் சொர்ணவல்லியை விட்டார். ஒவ்வொரு அழுத்துக்கும் அவள் ஒரு பெயரைச் சொல்லி அழுத்தினாள். ஆண்டியப்பன், கண்ணாத்தாள், மறுபடி ஆண்டியப்பன். டயர் கல்லாட்டம் நின்றது.

கண்ணாத்தாளும் இடையில் ஒருநாள் வந்து பார்த்தாள். "சீக்கிரமா எடுத்துக்கிட்டுப் போயிரட்டும். எனக்கும் நிம்மதி" என்றாள் என்னிடம். இதை ஏன் என்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொர்ணவல்லியிடம் போய்ச் சொன்னேன். "அவளுக்கு நிம்மதி வேற வேணுமாக்கும்" என்று அடுத்த டயருக்குப் போனாள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் பரீது ஹேண்டிலைப் பிடித்து, முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே ஏதோ முனகியது. ஒரு விரற்கடை அசைந்தது. பரீதின் நெற்றி நரம்பு புடைத்தது. அரைச் சுற்று வந்தது.

விஷயம் தெரிந்து ஆண்டியப்பன் ஓடி வந்தான். "எங்க, பாப்பம்" என்று, பிளக் கழற்றின ஓட்டைகளுக்கு மேலே குனிந்து எட்டிப் பார்த்தான். பரீது அவனைப் பார்த்தாரா இல்லையா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஹேண்டிலை ஒரு வீச்சில் முழுச் சுற்றுச் சுற்றினார். ஊற வைத்த அத்தனை எண்ணெயும் நாலு ஓட்டையிலிருந்தும் பீய்ச்சி அடித்தது. ஆண்டியப்பனின் மீசை, சட்டை, சலவை வேட்டி எல்லாம் கறுப்பு.

"ஏண்டா துலுக்கப் பயலே" என்று அவன் கையை ஓங்கினான்.

"அடிங்க" என்றார் பரீது. "அடிச்சா அடிச்ச கை இங்கதான் கெடக்கும். ஆறு வருசம் பூட்டி வச்சீக. அது ஒங்க மூஞ்சியில துப்பாம யாரு மூஞ்சியில துப்பும்?"

இருவருக்கும் நடுவே சொர்ணவல்லி வந்து நின்றாள். கையில் அந்த உலக்கை இருந்தது. ஆண்டியப்பன் கிணற்றடிக்குப் போனான். அந்த எண்ணெய் லேசில் போவதில்லை. சீயக்காய் கேட்டு எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் அனுப்பினான்.

பௌர்ணமி அன்று காலை அம்பலம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஊரும் வந்தது. பரீது அறந்தாங்கியிலிருந்து இரவல் வாங்கி வந்த பேட்டரியை வைத்தார், புதுப் பெட்ரோல் ஊற்றினார், பிளக்குகளைத் துடைத்து மாட்டினார். கார் கொட்டகையின் பின்சுவரைப் பார்த்து நின்றிருந்தது. மூக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நின்று சுற்றுகிற அளவுக்குத்தான் இடம். எண்ணெய்ப் பிசுக்கான அந்தச் சந்தில் நின்று ஹேண்டிலைச் சுற்றினார். ஒரு தும்மல். நிறுத்தினார், கார்புரேட்டரை ஊதினார், சுற்றினார். இரண்டு தும்மல். மூன்றாம் தடவை ஹேண்டில் திருப்பி அடித்தது. பரீது வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பார்க்கும்போதே வீங்கியது.

"போச்சு" என்று யாரோ சொன்னார்கள். ஆண்டியப்பன் சொல்லவில்லை. அவன் வெற்றிலை மடிக்கத் தொடங்கியிருந்தான்.

சொர்ணவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தாள்.

"வேணாம் தாயி, கையை ஒடிச்சுப்புடும்" என்றார் பரீது.

"எப்புடிப் புடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

"கட்டவெரலை மத்த வெரலோட சேத்து வையி. சுத்திப் புடிக்காத. கீழ அழுத்தாத, மேல இழு."

இழுத்தாள். ஒன்றுமில்லை. இழுத்தாள். ஊரில் யார் யாரையோ திட்டிக்கொண்டு இழுத்தாள். அதில் அவளுடைய அப்பாவும் இருந்தார், இந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததற்காக. ஐந்தாவதோ ஆறாவதோ இழுப்பில் கொட்டகையே அதிர்கிற மாதிரி ஒரு வெடி. பிறகு இன்னொன்று. பிறகு விடாமல்.

புகை என்றால் அப்படி ஒரு புகை. உள்ளே மிச்சம் கிடந்த எண்ணெய் வெள்ளையாகக் கிளம்பிக் கூரை வழியே வந்தது. வைக்கோல்போர் பற்றிக்கொண்டது என்று நினைத்து மேலத்தெருவிலிருந்து ஐந்தாறு பேர் குடத்தோடு ஓடி வந்தார்கள். பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. அம்பலம் இருமிக்கொண்டே, "உசுரு இருக்கு, உசுரு இருக்கு" என்றார்.

"அணைக்காதீக" என்று பரீது கத்தினார். "அணைச்சா மறுபடி பத்துமான்னு அல்லாவுக்குத்தான் தெரியும்." இடது கையாலேயே கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார். பின்னால் எடுப்பதற்காகக் கழுத்தைத் திருப்பினார்.

அப்போதுதான் ஆண்டியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தான்.

"அம்பலகாரரே, ஒரு சமாச்சாரம். மாடுன்னு சொன்னீக. எந்த மாடாவது பின்னால நடந்து வீட்டை விட்டுப் போகுமா? இது பின்பக்கமாத்தான் வெளிய வரும். பின்னால வந்தா அது நடந்த கணக்குல சேருமா?"

அம்பலம் மறுபடி யோசித்தார். கார் உறுமிக்கொண்டிருந்தது. சைக்கிள் டியூப் சுற்றின இடத்திலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்திருந்தது.

"அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு" என்றார் அம்பலம். "பின்னால போனா அது மாடு மெரண்டு போறது. நடந்து போறதில்ல. மொகம் பாத்துத்தான் போகணும்."

"மொகம் பாத்தா செவருதானய்யா இருக்கு" என்றார் குழந்தைசாமி. அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

சொர்ணவல்லி யாரையும் பார்க்கவில்லை. கொட்டகை மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தாள். சந்துக்குள் புகுந்து பின்சுவரில் ஓங்கிக் குத்தினாள்.

ஆண்டியப்பன் பதறிப்போனான். "ஏய், அது எஞ் செவருடி."

"நட்டு வச்சது ஒனக்குன்னு சொன்னாகல்ல, அதை நீயே வச்சுக்க. செவரை நான் எடுத்துக்கிட்டுப் போகல. இங்கதான் கெடக்கும்." குத்து. "எட்டு வருசம் ஒனக்குச் சோறு பொங்குனேன்." குத்து. "கூலி கேக்கல." குத்து. "வழிதான் கேக்குறேன்."

ஆண்டியப்பன் என் பக்கம் திரும்பினான். "மதினி, அங்கிட்டு ஒங்க கொல்லைங்க. ஒங்க எடத்துல விடாதீங்க. நீங்க சொன்னா கேப்பா."

ஊரே என்னைப் பார்த்தது. நான் விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. எங்கள் கொல்லைக்குப் போய்க் கொடியில் காய்ந்த துணியை எடுத்தேன். அப்படியே அம்மிக்கல்லையும் நாலு ஆள் பிடித்து ஓரமாக நகர்த்தச் சொன்னேன். மழை வருகிற மாதிரி இருந்தது.

மண்சுவர் வாய் பிளந்தது. கீழ்ப்பகுதி மட்டும் இடுப்பளவு நின்றது. "ரேடியேட்டரு போயிரும்" என்று பரீது முனகினார். "போனா வாங்கிக்கலாம். செவரு மேல ஏத்துங்க" என்று அவள் சந்திலிருந்து வெளியே தாண்டி எங்கள் கொல்லையில் நின்று கத்தினாள். எஜமானிக்குப் பயந்தாரோ, சொட்டுகிற தண்ணீருக்குப் பயந்தாரோ, பரீது இடது கையால் கியரைப் போட்டார். கார் மிச்சச் சுவரில் முட்டியது, நின்றது, உறுமியது. சுவர் எங்கள் கொல்லைக்குள் சரிந்தது. அதன் மேலேறிக் கார் ஆடி ஆடி வந்தது. என் பரங்கிக் கொடியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முருங்கைக் கன்று போனது. எங்கள் முன்வாசல் வேலியையும் சாய்த்துக்கொண்டு கார் தெருவில் போய் நின்றது. விளக்குக் கண்ணாடி உடைந்து, மூக்கு நசுங்கி, மண்ணும் பரங்கிப் பூவுமாக, உறுமல் மட்டும் நிற்காமல்.

அம்பலம் கைத்தடியை ஊன்றி வந்து பார்த்தார்.

"வாசல் வழியா வரலையேங்க" என்றான் ஆண்டியப்பன்.

"கொட்டகையைத் தாண்டணும்னுதான் சொன்னேன். வாசல் வழியான்னு நான் எப்பச் சொன்னேன்? மொகம் பாத்துத் தன் காலால நடந்திருக்கு. பொண்ணோட போகட்டும்."

சொர்ணவல்லி காரில் ஏறினாள். பாத்திரங்களைப் பின்சீட்டில் திணித்தார்கள். பசுவைப் பிடிக்க ஆள் போயிருந்தது. அவள் ஆண்டியப்பனைத் திரும்பிப் பார்த்திருந்தால் கதை நன்றாக இருந்திருக்கும். பார்க்கவில்லை. "என்னா பாய் பராக்குப் பாக்குறீக, தண்ணி ஒழுகுது, விடுங்க" என்று பரீதின் மேல்தான் விழுந்தாள். கார் கீரமங்கலம் ரோட்டில் திரும்பியது. வழியில் நாலு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்களாம், என்ஜினை அணைக்காமலே.

அந்தக் கார் கீரமங்கலத்துக்கும் அறந்தாங்கிக்கும் வாடகைக்கு ஓடியது. அடைக்கலம் என்று ஒரு டிரைவர், ஆலங்குடிப் பக்கத்துப் பையன், வாய் பேசாதவன் போல இருப்பான். அறுபத்திரண்டில் அவனையே சொர்ணவல்லி கட்டிக்கொண்டாள். அவளைவிட இரண்டு வயசு இளையவன் என்று சொன்னார்கள். மூன்று என்றுதான் எனக்குத் தகவல். இருவரும் புதுக்கோட்டைக்குக் குடி போனார்கள். அவள் அண்ணன் பொண்டாட்டி இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசினால் முகத்தைச் சுளிக்கிறாள். ஆனால் டவுனுக்குப் போனால் அங்கேதான் சாப்பிடுகிறாள்.

கண்ணாத்தாள் இரண்டு வருஷம் தாங்கினாள். பிறகு நார்த்தாமலையில் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போனவள் திரும்பவில்லை. கூட்டம் கூட்டவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. அங்கே கல்லுடைக்கிற ஒருவனோடு இருக்கிறாளாம், இரண்டு பிள்ளைகளாம்.

ஆண்டியப்பன் வீட்டை விற்றுவிட்டு மணமேல்குடிப் பக்கம் ஒரு உப்பளத்துக்கு மேஸ்திரியாகப் போனான். அங்கே யாரையும் சேர்த்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. வீட்டை வாங்கி வந்தவர்கள் நல்ல செங்கல் சுவராக ஆள் உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். அமைதியான குடும்பம். புருஷன் பெண்டாட்டி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று இன்றுவரை ஒரு வார்த்தை தெரியவில்லை.